கைமாற்று

என் தங்கச்சி மகளுக்கு ரொம்ப நாள் இரண்டு வயதுகள் இருந்தன. ஒன்று, பிறந்த தேதியிலிருந்து எண்ணுவது. பேர் வைப்பதற்கும் ஜாதகத்துக்கும் ஆதாருக்கும் அதுதான். இன்னொன்று, அவள் பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுவது. 40 வாரத்தில் வரவேண்டியவள் 29 வாரத்தில் வந்துவிட்டாள். ஆகவே காலண்டர் சொல்லும் வயதிலிருந்து 11 வாரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். இதைத் திருத்திய வயது என்கிறார்கள். குறைமாதப் பிள்ளைகளின் வளர்ச்சியை இரண்டு வயது வரைக்கும் இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். "ஆறு மாசமாச்சே, இன்னும் குப்புற விழலையா?" என்று தெருவில் யாராவது கேட்டால், அது முதல் வயதிடம் கேட்கப்படும் கேள்வி. பதில் சொல்ல வேண்டியது இரண்டாவது வயது. அந்தப் பதிலைத் தயங்காமல் சொல்லப் பழகுவதுதான் பெற்றவளுக்கு முதல் பாடம்.

இது அபூர்வமான கதை இல்லை. 2020இல் உலகம் முழுக்கச் சுமார் 1.34 கோடிக் குழந்தைகள் 37 வாரம் நிறைவதற்குள் பிறந்தன. அதில் ஏறத்தாழ 30 லட்சம் இந்தியாவில். இங்கே பிறக்கும் நூறு குழந்தைகளில் 13 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோவுக்குச் சற்று மேலே எடையுள்ள பிள்ளை பிழைப்பது இன்றைக்குத் தமிழ்நாட்டில் பெரிய செய்தி இல்லை. வென்டிலேட்டர், சர்ஃபாக்டன்ட் மருந்து, இரவு பகலாக நிற்கும் நர்ஸுகள் எல்லாம் சேர்ந்து பிழைக்க வைத்துவிடுகிறார்கள். ஒருநாள் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்குப் பிறகு என்ன என்பதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் உள்ளே இடம் நெருக்கடியாகிறது. அந்த நெருக்கடி பிள்ளைக்கு நல்லது. முழங்கால் வயிற்றோடு, கை நெஞ்சோடு என்று அதைச் சுருட்டி வைக்கிறது. சீக்கிரம் வந்துவிட்ட பிள்ளைக்கு அந்தச் சுருட்டல் கிடைப்பதில்லை. தளர்வான தசைகளைப் புவியீர்ப்பு மெத்தையோடு அமுக்குகிறது. கால்கள் தவளை மாதிரி விரிந்து, கைகள் இரண்டு பக்கமும் விழுந்து கிடக்கும். கை நடுவுக்கு வரவேண்டும். வாய்க்கு வந்தால்தான் பிள்ளை தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும். ஒரு கை இன்னொரு கையைக் கண்டுபிடித்தால்தான் பிறகு ஒரு பொருளைப் பிடிக்கும். தலை நிற்பது, புரள்வது, உட்கார்வது எல்லாமே இந்த மாதிரிச் சின்ன விஷயங்களின் மேல் அடுக்கப்படுபவை.

எங்கள் பிள்ளைக்கு இன்னொன்றும் இருந்தது. தலை ஸ்கேனில் லேசான ரத்தக் கசிவு. அடுத்த ஸ்கேனில் கரைந்துவிட்டது என்றார்கள். "ஆனாலும் கவனமா பாத்துக்கணும்" என்றும் சொன்னார்கள். என் தங்கச்சி அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

வீடு குடுமியான்மலையில். புதுக்கோட்டையிலிருந்து 20 கிலோமீட்டர். பிள்ளை இருந்த மருத்துவமனையும் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்டும் திருச்சியில். வாரம் ஒருமுறை போய்வர வேண்டும் என்றால் பஸ் மாறி, கூட்டத்தில் நின்று, ஒரு முழுநாள். தும்மலும் இருமலும் நிறைந்த பஸ்ஸில் இரண்டரைக் கிலோப் பிள்ளையைக் கொண்டுபோவது தனிப் பயம். அந்த பிசியோ மேடமே வழி சொன்னார். மாதம் ஒருமுறை நேரில். மற்ற வாரங்களில் வீடியோ காலில் அரைமணி நேரம்.

வீடியோ கால் எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ ஆள் இல்லாத தெருவைத் தேடத்தான் வேண்டும். என் அப்பா காலத்தில் கேசட்டில் பேசிப் பதிவு செய்து அனுப்பினார்கள். இப்போது பிள்ளையின் முதல் சிரிப்பைப் போனில்தான் பல அப்பாக்கள் பார்க்கிறார்கள். என் தங்கச்சி மாப்பிள்ளையும் சிங்கப்பூரில்தான். அவர் மூன்றாவது கட்டத்தில் வந்து, மைக்கை மியூட்டில் போட்டுவிட்டு, வேலையிடத்துத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அப்போது வீட்டிலிருந்து மென்பொருள் வேலை. அதனால் கேமராமேன் உத்தியோகமும் என்னிடமே வந்து சேர்ந்தது.

முக்காலி மேல் மரக்கால், அதில் முக்கால் அளவு அரிசி, அரிசிக்குள் போனைச் செருகி நிறுத்தினோம். பிள்ளையின் கால்மாட்டிலிருந்து, கொஞ்சம் உயரத்தில், உள்ளங்காலும் முகமும் ஒன்றாகத் தெரிய வேண்டும். பிள்ளைக்கு நேர் மேலே போனைத் தொங்கவிடக் கூடாது. விழுந்தால் என்ன ஆகும் என்று மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

முதல் சில வாரங்கள் இது ஒரு சமாதான ஏற்பாடு என்றுதான் எனக்குத் தோன்றியது. நேரில் கிடைக்காததற்குத் திரையில் கொஞ்சம். அந்த எண்ணம் மாறியது மேடத்தின் கைகளைப் பார்த்துத்தான். திரையில் அவருடைய கைகள் ஒன்றும் செய்ய முடியாமல் இருந்தன. கிளினிக்கில் அவர் பிள்ளையை வாங்கிக்கொள்வார். பழகிய கை. இடுப்பில் ஒரு விரல் வைத்தால் பிள்ளை தானாகத் திரும்பும். தங்கச்சி பக்கத்தில் நின்று பார்ப்பாள். "புரிஞ்சுதாம்மா?" "புரிஞ்சுது மேடம்." வீட்டுக்கு வந்தால் விரல் எங்கே இருந்தது என்பது மறந்துபோகும். வீடியோவில் அவரால் பிள்ளையை வாங்க முடியாது. மடியில் ஒரு துணிப் பொம்மையை வைத்துக்கொண்டு காட்டுவார். பிள்ளை மேல் இருப்பது தங்கச்சியின் கை மட்டும்தான். அது சரியாக வரும்வரை அவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படிச் சொல்வதற்கு அவர் ஒரு மொழியைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. "எவ்வளவு அழுத்தணும் மேடம்?" என்று ஒருநாள் இவள் கேட்டாள். அந்தப் பக்கம் கொஞ்சம் யோசனை. "தக்காளி பழுத்திருக்கான்னு கடையில அமுக்கிப் பாப்பீங்கல்ல, அவ்வளவுதான். கடைக்காரன் திட்டாத அளவுக்கு." என் தங்கச்சி சிரித்தாள். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அடுத்த நிமிஷம் அவள் கை சரியாக இருந்தது.

இந்தச் சிகிச்சையின் சாரமே பெற்றவர்களின் கைதான். மருத்துவர் வாரத்துக்கு அரைமணி நேரம் செய்வதால் மட்டும் ஒரு பிள்ளையின் மூளை பழகிக்கொள்ளாது. பால் கொடுக்கும்போதும் துணி மாற்றும்போதும் தூக்கும்போதும் திரும்பத் திரும்ப நடப்பதால்தான் பழகுகிறது. தொட முடியாத தூரம் அந்த உண்மையைக் கட்டாயமாக்கிவிட்டது.

இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் எட்கர் ரே என்ற மருத்துவர், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில், குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் மார்போடு தோல்படக் கட்டிவைக்கத் தொடங்கினார். இல்லாக்குறைக்குச் செய்த ஏற்பாடு. இன்று அது கங்காரு பராமரிப்பு. 2021இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு, இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்தது. பிள்ளையின் நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்த உடனே இப்படி அணைத்து வைத்தவர்களில், 28 நாளுக்குள் நேரும் இறப்பு கால்பங்கு குறைந்திருந்தது. கருவி இல்லாததால் தாயிடம் கொடுத்தார்கள். கொடுத்த பிறகுதான் அது முதலிலேயே தாயிடம் இருந்திருக்க வேண்டியது என்று தெரிந்தது.

திரையின் இன்னொரு லாபம், வீடு தெரிவது. மூன்றாவது வாரம் மேடம் கேட்டார்: "பாப்பா எப்பவும் ஒரே பக்கம்தான் பாக்குதா? போனைக் கொஞ்சம் திருப்புங்க சார்." திருப்பினேன். வடக்கே வாசல். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் அந்தப் பக்கம்தான். கிழக்கே தலை வைத்துப் படுக்கும் பிள்ளைக்கு வாசல் எப்போதும் வலதுபுறம். கழுத்து அந்தப் பக்கமே பழகி, பின்மண்டை ஒருபுறம் தட்டையாகத் தொடங்கியிருந்தது. கிளினிக்கின் வெள்ளைச் சுவர்களுக்கு நடுவில் இதன் காரணம் தெரிந்திருக்காது. தலைமாட்டை மாற்றச் சொன்னார். அப்பத்தா குறுக்கிட்டாள். "வடக்க தல வைக்கக் கூடாது. வேற எங்க வேணா வச்சுக்க." மேற்கே வைத்தோம். வாசல் இடதுபுறம் ஆனது. இரண்டு தரப்புக்கும் திருப்தி.

அப்பத்தாவுக்கும் மேடத்துக்கும் இன்னொரு உடன்படிக்கையும் நடந்தது. எங்கள் வீட்டில் பிள்ளையைக் குளிப்பாட்டுவது அப்பத்தாதான். கால் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டு. மூக்கில் ஊதுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, கையையும் காலையும் இழுத்து முறுக்குவது, மூன்றும் கூடாது என்று மேடம் முதலிலேயே சொல்லிவிட்டார். அப்பத்தாவின் முகம் விழுந்துவிட்டது. ஒருநாள் குளிப்பாட்டுவதையே காட்டச் சொன்னார். பிள்ளை குப்புறக் கிடந்து, வெந்நீர் முதுகில் பட்டதும் தலையை ஒரு விநாடி தூக்கியது. "பாட்டி, அப்படியே வைங்க! இதைத்தான் நான் பாய்ல பண்ணச் சொல்றேன். உங்க கால்ல அழாம பண்ணுது." அன்றிலிருந்து அப்பத்தா தெரபிஸ்ட். பிள்ளையைச் சுற்றி அணைகட்டத் துணியை வளையமாகச் சுற்றச் சொன்னபோது, அவள் பழைய சேலையில் நீளச் சும்மாடு ஒன்று சுற்றிக் கொடுத்தாள். விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் அதற்குள். தூங்கும்போது வளையம் இல்லாமல், மல்லாக்க.

அதற்காகத் திரை எல்லாவற்றையும் பார்த்துவிடும் என்று நினைக்கக் கூடாது. தசையின் இறுக்கத்தைப் போன் தொட்டுப் பார்க்காது. விழித்திரைப் பரிசோதனைக்கு நேரில்தான் போக வேண்டும். 34 வாரத்துக்கு முன்போ இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த பிள்ளைக்குப் பிறந்து 30 நாளுக்குள் கண் பரிசோதனை நடந்தாக வேண்டும். இன்னும் சிறிய பிள்ளைகளுக்கு அதைவிடச் சீக்கிரம். தவறினால் பார்வையே போகலாம். செவிப் பரிசோதனையும் அப்படித்தான். நாங்கள் இரண்டுக்கும் காரில் போனோம்.

ஆனால் திரை மிக நன்றாகப் பார்க்கும் ஒன்று இருக்கிறது. ஹைன்ஸ் பிரெக்டல் என்ற ஆஸ்திரிய மருத்துவர், நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் பல ஆண்டுகள் பிள்ளைகளின் அசைவுகளை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். திருத்திய வயதில் சுமார் மூன்றிலிருந்து ஐந்து மாதத்துக்குள், விழித்துக்கொண்டு மல்லாக்கக் கிடக்கும் பிள்ளையிடம் ஒரு விசேஷ அசைவு இருக்கும். கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால், இடுப்பு என்று உடல் முழுக்க, எல்லாத் திசையிலும், சின்னச் சின்னதாக நெளிந்துகொண்டே இருக்கும் அசைவு. யாரும் தொட வேண்டாம். தொடவே கூடாது. சில நிமிஷ வீடியோ போதும். 1997இல் அவரும் சக ஆய்வாளர்களும் 130 குழந்தைகளைப் பற்றி வெளியிட்டார்கள். அந்த அசைவு இயல்பாக இருந்த 70 பேரில் 67 பேர் பின்னாளில் நரம்புக் குறைபாடு இல்லாமல் வளர்ந்தார்கள். அசைவு இல்லாமலோ இயல்பு மாறியோ இருந்த 60 பேரில் 57 பேருக்குக் குறைபாடு வந்தது.

நான் இந்தக் கட்டுரையை அந்த வீடியோ எடுப்பதற்கு முந்தின இரவு படித்தேன். 67, 57 என்ற எண்களைத் தங்கச்சியிடம் சொல்லவில்லை. மறுநாள் பால் குடித்து, வயிறு நிறைந்து, அழாமல் விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து எடுத்தோம். ரப்பர் இல்லை, கிலுகிலுப்பை இல்லை, யாரும் கொஞ்சிப் பேசவும் கூடாது. நேரலையில் காட்டினால் எங்கள் குன்றுக்கு இந்தப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். படம் உறைந்து உறைந்து நகரும். சின்ன அசைவுகள் அந்த இடைவெளிகளில் காணாமல் போய்விடும். அதனால் போனிலேயே பதிவு செய்து, வாட்ஸ்அப் சுருக்கிவிடாதபடி டாக்குமென்டாக அனுப்பினேன். மூன்று நிமிஷ வீடியோ போய்ச் சேர 40 நிமிஷம் ஆனது. பதில் வர இரண்டு நாள்.

"இருக்குமா. நல்லாவே இருக்கு" என்று குரல் பதிவு. தங்கச்சி அதை எத்தனை தடவை போட்டுக் கேட்டாள் என்று எண்ணவில்லை. அப்பத்தாவுக்கு என்ன இருக்கிறது என்று புரியவில்லை. இருந்தாலும் குடுமிநாதர் கோயிலுக்குப் போய் வந்தாள்.

கதை இங்கே முடிந்துவிட்டால் தொழில்நுட்பத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நானும் போயிருப்பேன். அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஏழெட்டு வாரம் கழித்து ஒரு காலில் மேடம் நடுவில் நிறுத்தினார். "பின்னாடி சுவத்துல காலண்டர்ல என்னம்மா அவ்வளவு கோடு?" ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் தங்கச்சி பென்சிலால் கோடு போட்டிருந்தாள். ஒரு பயிற்சிக்கு ஒரு கோடு. நான்கு விழுந்த நாட்கள் சும்மா இருந்தன. மூன்றே விழுந்த நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள். அவளுக்குக் காய்ச்சல் வந்த மூன்று நாட்கள் முழுக்கச் சிவப்பு. தினம் அந்தப் பக்கமாகத்தான் நாங்கள் எல்லோரும் நடந்தோம். வெளியூரில் இருப்பவர்தான் கேட்டார்.

"விட்டுப்போன நாளெல்லாம் பின்னாடி இவளுக்கு நடக்க வராமப் போச்சுன்னா, மேடம்…" என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. சிங்கப்பூர்க் கட்டத்தில் மாப்பிள்ளை மியூட்டை எடுத்தார். ஆனால் ஒன்றும் பேசவில்லை.

மேடம் உடனே ஆறுதல் சொல்லவில்லை. "நாலு தடவைன்னு நான் சொன்னது மருந்துச் சீட்டு இல்லம்மா. பாப்பாவுக்கு அந்தப் பழக்கம் வரணும்னுதான். நீங்க துணி மாத்தும்போது இடுப்பைத் திருப்பித் தூக்குறீங்கல்ல, அதையெல்லாம் யாரு எண்ணுனா? நாளைக்கு இவளுக்கு எது வந்தாலும் வராட்டாலும், அது மூணு கோட்டாலயும் இல்ல, நாலு கோட்டாலயும் இல்ல. அந்தத் தாளைக் கிழிச்சுருங்க." தங்கச்சி கிழிக்கவில்லை. எழுந்துபோய்க் காலண்டரைத் திருப்பி மாட்டினாள்.

தூரத்திலிருந்து கை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறும்போது, கூடவே பாரமும் மாறிவிடுகிறது. கிளினிக்கில் சிகிச்சை பலிக்காவிட்டால் மருத்துவம் பலிக்கவில்லை என்று சொல்லலாம். வீட்டில் பலிக்காவிட்டால் அம்மா சரியாகச் செய்யவில்லை என்றாகிவிடுகிறது. ஆய்வுகள் இவ்வளவு பெரிய பழியைத் தாங்கா. குறைமாதப் பிள்ளைகளுக்கான ஆரம்பகாலப் பயிற்சிகளைப் பற்றிய சோதனைகளையெல்லாம் தொகுத்து அலிசியா ஸ்பிட்டிலும் சக ஆய்வாளர்களும் 2015இல் செய்த காக்ரேன் மதிப்பாய்வு, அறிவு வளர்ச்சியில் பள்ளிக்குப் போகும் வயதுக்கு முன்புவரை பலன் தெரிகிறது என்றது. உடல் அசைவில் பலன் சிறியது, அதுவும் கைக்குழந்தைப் பருவத்தில். செய்வது பயனுள்ளது. ஒரு நாள் செய்யாதது குற்றம் இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒன்றாகச் சொல்லத் தெரிந்தவர்தான் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும்.

அந்தப் பக்கம் ஆள் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இதை வேறு விதமாகச் செய்கிறது. கிராமத்திலேயே இருக்கும் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்ற செயலி வழியாக நிபுணர்கள் அவர்களை வழிநடத்துகிறார்கள். 2020 ஊரடங்கில் வீடுகளுக்குப் போக முடியாதபோது போனுக்கு மாறினார்கள். அங்கே தொழில்நுட்பம் ஆளுக்குப் பதிலாக வரவில்லை. ஏற்கெனவே வாசலுக்கு வந்துபோன ஆளின் குரலாக வந்தது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் மாவட்டந்தோறும் ஆரம்ப இடையீட்டு மையம் வேண்டும் என்கிறது. அங்கே உட்கார பிசியோக்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் வேண்டும். 'எல்லார் கையிலும்தான் போன் இருக்கிறதே, வீடியோ அனுப்பினால் போதும்' என்று யாராவது கணக்குப் போட்டுவிடுவார்களோ என்ற பயம், செயலிகள் எழுதிப் பிழைக்கும் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. பதிவு செய்த வீடியோ யாருடைய காலண்டரையும் பார்த்துக் கேள்வி கேட்காது.

எங்கள் ஊர்ப் பாறையில் இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பார்க்கத் தூரத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். 7ஆம் நூற்றாண்டு எழுத்து என்கிறார்கள். ஏழு பகுதிகளாக ஸ்வரங்கள். ஒரே ஸ்வரம் ர, ரி, ரு, ரெ என்று நான்கு உயிர்களோடு மாறி மாறி வருகிறது. ருத்ராசாரியரின் சீடனான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று கல்வெட்டே சொல்கிறது. அந்த நான்கு உயிர்களும் எதைக் குறிக்கின்றன என்பதில் அறிஞர்களுக்குள் இன்றுவரை ஒத்த முடிவு இல்லை. ஒரு எழுத்துகூட அழியாமல் வெட்டியிருந்தாலும் இதே கதிதான். விரலை எங்கே வைப்பது, எவ்வளவு அழுத்துவது என்று எதிரில் இருந்து சொன்னவர் போய்விட்டார். குறிப்பு மிஞ்சியது, கை மிஞ்சவில்லை.

பிள்ளை காலண்டர் கணக்கில் 17ஆவது மாதம் நடந்தாள். பயிற்சியால் நடந்தாளா, தானாகவே நடந்திருப்பாளா என்பதை ஒரு பிள்ளையை வைத்துச் சொல்ல முடியாது. நாங்கள் யாரும் சொல்வதில்லை. பென்சில் இன்னும் இடது கைக்குத்தான் போகிறது. அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா, அல்லது சும்மா இடதுகைப் பழக்கமா என்று மேடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். கால் இப்போது மாதம் ஒருமுறைதான்.

போன மாதம் மேலத்தெருவில் ஒரு பெண் 33 வாரத்துப் பிள்ளையோடு வந்திருந்தாள். மருத்துவமனையில் பயிற்சிகளைச் செய்துகாட்டி, படம் போட்ட தாளும் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் கை வரவில்லை. தங்கச்சியைக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கி இவளிடம் நீட்டினாள். "நீங்க ஒருதடவ செஞ்சு காட்டுங்கக்கா."

தங்கச்சி வாங்கவில்லை. எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீயே புடி. நான் சொல்றேன்."